நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரைத் தேடுவது எப்படி

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை வந்தடைந்த 'ட்ரூரோ' என்னும் கப்பலில் சென்னையிலிருந்து ஏறிய 342 பேர் இருந்தனர். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்டவர்களில் அவர்களே முதல் தொகுதியினர். 1911ஆம் ஆண்டு ஜூலையில் 'உம்லாசி' என்ற கப்பல் கடைசித் தொகுதியினரைக் கொண்டுவந்து இறக்கியது. இடைப்பட்ட காலத்தில் மொத்தம் 1,52,184 பேர் நேட்டாலில் கால் வைத்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள், மற்றவர்கள் கல்கத்தா வழியாகச் சென்றவர்கள். கரையிறங்கியவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுக்கப்பட்டு, கப்பல் பட்டியல் எனப்படும் பதிவேட்டில் ஆளுக்கொரு வரி எழுதப்பட்டது. அந்தப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.

தங்கள் பூட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடும் தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கும், 'எங்கள் குடும்பத்தில் ஒருவர் அந்தக் காலத்தில் கப்பலேறிப் போனார், பிறகு தகவலே இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன். பல குடும்பங்களுக்கு இந்தத் தேடலில் துணையாக இருந்ததில் நான் கற்றுக்கொண்டவை இரண்டு. பெயரைக்கொண்டு தேடுவதைவிட எண்ணைக்கொண்டு தேடுவதே விரைவில் வழி காட்டும். பதிவேட்டில் உள்ள பெயரையும் ஊரையும் கண்ணால் படித்து நிறுத்திவிடாமல், வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும். கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் இவ்விரண்டின் விரிவே.

வீட்டில் தொடங்குவது

இணையத்தைத் திறப்பதற்கு முன் வீட்டில் உள்ள முதியவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் சொல்லும் ஊர்ப்பெயர் உங்களுக்குத் தவறாகப் பட்டாலும் திருத்தாமல், கைப்பேசியில் அவர்கள் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். நான்கு தலைமுறையாக வாய்வழியே வந்த ஒரு சொல்லில், தேய்ந்துபோன நிலையிலும் மூல ஒலி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் அதை நாகரிகமான எழுத்துக்கு மாற்றிவிட்டால் அதுவும் போய்விடும். குலதெய்வத்தின் பெயரை அவசியம் கேளுங்கள். ஊர்ப்பெயரையும் தாய்மொழியையும் இழந்துவிட்ட குடும்பங்கள்கூட வீட்டில் எந்தச் சாமிக்குப் படைக்கிறார்கள், படையலில் என்ன வைக்கிறார்கள், எந்த மாதத்தில் செய்கிறார்கள் என்பதை மறக்காமல் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். முன்னோர் எந்தத் தோட்டத்தில், எந்தச் சுரங்கத்தில், ரயில்வேயின் எந்தப் பகுதியில் வேலை செய்தார் என்பதும் முக்கியம், ஏனெனில் பதிவேட்டில் முதலாளியின் பெயரும் உண்டு. ஒரே பெயரில் இருபது பேர் இருக்கும்போது அவர்களைப் பிரித்துக்காட்டப் பல நேரங்களில் அதுதான் உதவும்.

அடுத்து, பெட்டிகளிலும் பீரோக்களிலும் உள்ள தாள்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, இறப்புச் சான்று, வேலையிலிருந்து விடுவித்த சான்று, மூன்று பவுண்டு வரி கட்டிய ரசீது, நிலம் வாங்கிய பத்திரம் என்று எது கிடைத்தாலும் இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பவுண்டு வரி என்பது, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் அங்கேயே தங்க விரும்பியவர்கள்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டத்தால் சுமத்தப்பட்டு, 1914இல் நீக்கப்பட்ட தலைவரி. அந்த ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. இந்தத் தாள்களில் நீங்கள் முதலில் தேட வேண்டியது பெயருக்கு அருகில் எழுதப்பட்டிருக்கும் ஓர் எண்ணை. நேட்டால் அரசு ஒப்பந்தக் கூலிகளை எங்கும் அந்த எண்ணோடு சேர்த்தே குறிப்பிட்டது. பிள்ளை பிறந்தால் பதிவில் தந்தையின் எண்ணும் தாயின் எண்ணும் எழுதப்பட்டன. திருமணம் பதிவானால் மணமக்கள் இருவரின் எண்களும் எழுதப்பட்டன. பெற்றோர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்களாக இருந்தால், அவர்களைப் பெற்றவர்களின் எண்ணைப் பல பதிவுகளில் காணலாம்.

எண் சொல்லும் செய்தி

குடியேற்ற எண் வந்திறங்கிய வரிசைப்படி கொடுக்கப்பட்டது. ஆகவே, எண்ணைப் பார்த்த உடனேயே ஏறத்தாழ எந்தக் காலத்தில் வந்தவர் என்பதைச் சொல்லிவிட முடியும். 1860 முதல் 1866 வரை ஏறத்தாழ 6,400 பேர் வந்தனர். பிறகு நேட்டாலில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியால் கப்பல்கள் நின்றுபோயின. 1871இல் ஊர் திரும்பியவர்கள் தங்களை நடத்திய விதம் குறித்து முறையிட்டதன் விளைவாக 1872இல் விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, அதன் பிறகு 1874இல்தான் மீண்டும் ஆட்களை அனுப்பத் தொடங்கினர். எனவே, 'எங்கள் முப்பாட்டனார் 1870இல் ஒப்பந்தத்தில் வந்தார்' என்று குடும்பத்தில் ஒரு கதை இருந்தால், அந்த ஆண்டை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் முன்னும் பின்னும் தேட வேண்டும். எண் 6,000க்குள் இருந்தால் அவர் முதற்கட்டத்தில் வந்தவர், 7,000க்கு மேல் சென்றால் 1874க்குப் பிந்தியவர் என்ற அளவில் முதலில் பிரித்துக்கொள்வது நல்லது.

எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் கப்பல் பட்டியல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் எண்ணைத் தேடி உரிய வரியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு வரியோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. அதற்கு மேலே பத்து வரிகளையும் கீழே பத்து வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். கணவன், மனைவி, பிள்ளை, தம்பி என்று சேர்ந்து வந்தவர்களின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். ஒரே ஊர்க்காரர்களும் அருகருகே இருப்பதுண்டு. ஒரே கப்பலில் வந்தவர்கள் பிற்காலத்தில் அண்ணன் தம்பியாகவே பழகிப் பெண் கொடுக்காமலும் எடுக்காமலும் இருந்த குடும்பங்கள் உண்டு. உங்கள் வீட்டில் 'சித்தப்பா' என்று அழைக்கப்பட்ட, ஆனால் உறவு இன்னதென்று யாருக்கும் தெரியாத ஒருவர் இருந்திருந்தால் அவரை நீங்கள் அந்தப் பத்து வரிகளுக்குள் சந்திக்கலாம்.

எண் இல்லாதபோது பெயரைக்கொண்டுதான் தேட வேண்டும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். இன்று நீங்கள் வைத்திருக்கும் குடும்பப் பெயர் கப்பல் பட்டியலில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அன்று வந்தவருக்குத் தன் பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று. அவ்வளவுதான். குடும்பப் பெயர் என்பது பின்னால் பள்ளியிலும் பதிவு அலுவலகத்திலும் கேட்கப்பட்டபோது உருவானது. சிலர் தகப்பன் பெயரைக் கொடுத்தனர். சிலர் பட்டப்பெயரைக் கொடுத்தனர். முதலியார் என்பது 'மூட்லி' ஆகவும், கவுண்டர் என்பது 'கோவெண்டர்' ஆகவும், நாயுடு என்பது 'நாய்டூ' ஆகவும் அங்கே நிலைத்தது இப்படித்தான். ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகள் மூன்று குடும்பப் பெயர்களோடு இருப்பதும் நடந்திருக்கிறது. ஆகவே கப்பலில் வந்தவரின் இயற்பெயர், அவருடைய தகப்பனின் இயற்பெயர் இரண்டையும் கண்டுபிடிக்கும்வரை பட்டியலுக்குள் இறங்காமல் இருப்பது நல்லது. அந்தப் பெயர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால், இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைத் தேடலாம். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையவழிப் பட்டியலில் நேட்டாலுக்குரிய பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பெயரைக் கொடுத்தால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் உள்ள கோப்பின் எண் கிடைக்கும். சொத்து என்று பெரிதாக ஏதும் இல்லாதவர்களுக்கும் இத்தகைய கோப்பு இருக்கக்கூடும். அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் முதலியவை கேட்டு எழுதப்பட்டிருக்கும்.

ஒரு வரியைப் படிப்பது

கப்பல் பட்டியலின் ஒரு வரியில் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம், வேலைக்கு ஒதுக்கப்பட்ட முதலாளி ஆகியவை இருக்கும். குறிப்பு என்ற கட்டத்தில் இறந்தது, ஊர் திரும்பியது போன்றவை பின்னாளில் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். உயரம் அடி, அங்குலக் கணக்கில் இருக்கும். அடையாளம் என்ற கட்டத்தில் 'இடது முழங்காலில் தழும்பு', 'நெற்றியில் பச்சை' என்பது போன்ற சொற்கள் இருக்கும். படமோ கையெழுத்தோ இல்லாத ஒரு மனிதரைப் பற்றி, அவர் ஐந்தடி இரண்டங்குல உயரம், கணுக்காலில் தழும்போடு நடந்தவர் என்று தெரியவரும் அந்தக் கணத்தில் கண் கலங்காத பேரப்பிள்ளைகளை நான் பார்த்ததில்லை.

வயதை நம்பிவிடாதீர்கள். எழுத்தர் பார்த்து மதிப்பிட்டதும் உண்டு, ஆளே தோராயமாகச் சொன்னதும் உண்டு. 20, 25, 30 என்று முழு எண்களாகவே நிறைய வருவதைக் கவனித்தாலே அது புரிந்துவிடும். சாதி என்ற கட்டத்தில் 'மலபார்' என்று இருந்தால் அது கேரளத்தைக் குறிக்கவில்லை. அந்தக் காலத்து ஆங்கில அலுவலகங்களில் தமிழ் பேசுபவரை அப்படி எழுதும் வழக்கம் இருந்தது. 'ஜென்டூ' என்று இருந்தால் தெலுங்கு பேசுபவர். தாணா என்பது காவல் நிலைய எல்லையைக் குறிக்கும் வங்காள வழக்கு. சென்னை மாகாணத்தவருக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் தாலுகாவின் பெயரே எழுதப்பட்டிருக்கும். ஊரைக் கண்டுபிடிப்பதற்குத் தாலுகாவே உயிர்நாடி. புதூர், நல்லூர், பாளையம் என்றெல்லாம் ஊர்கள் தமிழகம் முழுவதும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இங்கே ஒரு குடும்பத்தின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். டர்பனிலிருந்து ஓர் அம்மாள் தம் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர்கள் கையில் ஒரு தட்டச்சுச் சீட்டு இருந்தது. யாரோ ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தது. அதில் மூன்றே செய்திகள்: பெயர், சாதி 'மலபார்', கிராமம் 'கொடங்கலூர்'. இதை வைத்துக்கொண்டு அவர்கள் கேரளத்தின் கொடுங்கல்லூருக்கு இரண்டு முறை போய் வந்திருந்தார்கள். வீடு வீடாக விசாரித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. மூலப் பதிவேட்டின் படத்தை வரவழைத்துப் பார்த்தபோது, கிராமத்தின் பெயருக்கு முன்னால் மை பரவிய இடத்தில் 'கில்' என்று இன்னும் சில எழுத்துகள் இருந்தன. தட்டச்சு செய்தவர் அதைக் கறை என்று விட்டுவிட்டார். ஜில்லா என்ற கட்டத்தில் வட ஆற்காடு என்பதன் சுருக்கமும், அடுத்த கட்டத்தில் 'வாண்டிவாஷ்' என்றும் தெளிவாக இருந்தன. வாண்டிவாஷ் என்பது வந்தவாசி. வந்தவாசிக்கு அருகில் கீழ்க்கொடுங்காலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 'கில்கொடங்கலூர்' என்று மூன்று முறை வாய்விட்டுச் சொன்னதும் அந்த அம்மாளுக்கே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. தட்டச்சுப் படி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மூலப் பக்கத்தின் படத்தை எல்லாக் கட்டங்களோடும் கேட்டு வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒலியைக் கேட்பதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். எழுத்தருக்கு லகர, ளகர, ழகர வேறுபாடு காதில் விழவில்லை. தகரத்தையும் டகரத்தையும் ஒரே எழுத்தால் எழுதினார். ககரம் மூன்று விதமான ஆங்கில எழுத்துகளில் வரும். 'கீழ்' என்பது கில், கீல் என்றும், 'மேல்' என்பது மெல், மில் என்றும் வரும். முனுசாமி 'மூன்சாமி' ஆவார். பெயரின் முதலில் வரும் குறில் உயிர் மறைந்துபோகும், எனவே இருளப்பன் 'ருலப்பன்' என்றும், அய்யாவு 'யாவு' என்றும் ஆகியிருக்கலாம். திருவண்ணாமலையை அன்றைய ஆங்கிலேயர் 'டிரினாமலி' என்றும், காஞ்சிபுரத்தை 'காஞ்சிவரம்' என்றும், செங்கல்பட்டைச் 'சிங்கில்பெட்' என்றும், திருநெல்வேலியைத் 'தின்னவேலி' என்றும் எழுதினர். பழைய மாவட்ட விவரணங்களில் (கெசட்டியர்) இந்த எழுத்துக்கூட்டல்களெல்லாம் உண்டு. அவற்றில் தாலுகா வாரியாக ஊர்களைத் தேடுவது பயன் தரும். தமிழ் தெரியாத பேரப்பிள்ளைகள், தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்ப்பெயரை உரக்கப் படிப்பதே போதும், பாதி ஊர்கள் தாமாகவே வெளிப்பட்டுவிடும்.

பழைய மாவட்ட எல்லைகள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கப்பல்கள் நின்ற அதே 1911இல் சென்னை மாகாணத்தில் தமிழ்ப் பகுதியின் வட மாவட்டங்களுடைய எல்லைகளும் மாற்றி அமைக்கப்பட்டன. திருவண்ணாமலை தாலுகா அதுவரை தென் ஆற்காட்டில் இருந்தது, அதன் பிறகே வட ஆற்காட்டுக்கு வந்தது. திருப்பத்தூர் தாலுகா சேலத்தில் இருந்து வந்தது. சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே பதிவேட்டில் 'வட ஆற்காடு, சித்தூர்' என்று இருந்தால் தவறு என்று எண்ண வேண்டாம். 'வட ஆற்காடு' என்று எழுதப்பட்டவரின் ஊர் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் இருக்கலாம், ஆந்திரத்திலும் இருக்கலாம். திருத்தணி வட ஆற்காட்டில் இருந்து சித்தூருக்குப் போய், 1960இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. ராமநாதபுரம் 1910 வரை தனி மாவட்டமாக இல்லை, அதன் பகுதிகள் மதுரை, திருநெல்வேலி என்றே எழுதப்பட்டிருக்கும். தேடும்போது இன்றைய மாவட்டப் படத்தை மூடி வைத்துவிட்டு, 1911க்கு முந்தைய படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கரையிறங்கிய பிறகு

ஒப்பந்தம் ஐந்தாண்டுகள். பத்தாண்டுகள் முடித்தவர்களுக்கு ஊர் திரும்ப இலவசப் பயணம் என்பது விதியாக இருந்தது. திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, திரும்பிச் சென்று மறுபடி வந்தவர்களும் உண்டு. அப்படி வந்தவருக்கு வேறொரு எண் கிடைத்திருக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு இரண்டு எண்கள் தென்பட்டால் ஒன்றைத் தவறென்று அடித்துவிடாமல் இரண்டு வரிகளையும் எடுத்து உயரத்தையும் தழும்பையும் ஒப்பிடுங்கள்.

இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகக் கோப்புகள் தனியாக இருக்கின்றன. ஊதியம் கொடுக்கவில்லை, சாட்டையால் அடித்தார்கள், மனைவியை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற முறையீடுகள் அவற்றில் உள்ளன. எழுத்தறியாத மனிதர்களின் சொற்கள் மொழிபெயர்ப்பாளர் வழியாகவேனும் தாளில் ஏறியிருக்கும் இடங்கள் இவை. தேடி எடுக்க நாளாகும், பட்டியலில் பெயர் நேராக வராது, தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் கொண்டுதான் அணுக வேண்டும். ஆனாலும் நேரம் இருப்பவர்கள் இந்தக் கோப்புகளைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கப்பல் பட்டியல் உங்கள் முன்னோரை அளந்து எழுதியது, முறையீட்டில்தான் அவர் பேசுகிறார்.

சொந்தப் பணத்தில் பயணச்சீட்டு வாங்கி வந்தவர்களுக்குக் குடியேற்ற எண் கிடையாது. வணிகத்துக்காக வந்த குஜராத்தியரே இவர்களில் மிகுதி, தமிழரும் இருந்தனர். 1897ஆம் ஆண்டுக் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு இவர்கள் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குக் குடியிருப்புச் சான்று வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சான்றுகளிலும் விண்ணப்பங்களிலும் புகைப்படமும் கைரேகையும் இருப்பதுண்டு.

மற்ற நாடுகளுக்குப் போனவர்கள்

மொரீஷியஸுக்கு 1834இல் தொடங்கி நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அங்கேயும் எண்தான் அடிப்படை. மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன, வாரிசுகளுக்குச் சான்றிட்ட படியும் கொடுக்கிறார்கள். 1860களில் ஒப்பந்தம் முடித்தவர்களைப் படம் எடுத்துச் சீட்டு கொடுக்கும் முறை வந்ததால், முகத்தைப் பார்க்கும் பேறு நேட்டாலைவிட மொரீஷியஸ் குடும்பங்களுக்கு அதிகம். பெயர்களை அங்கே பிரெஞ்சுக் காதால் எழுதியிருப்பார்கள். சின்னசாமி 'சினசாமி' என்றும், வீரப்பன் 'விராபென்' என்றும் இருக்கும்.

பிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்டோர் போனார்கள் என்றாலும், சென்னையிலிருந்து கப்பல் போகத் தொடங்கியது 1903இல்தான். அதற்கு முந்தியவர்கள் கல்கத்தா வழியாகச் சென்றவர்கள். அங்கே ஆளுக்கொரு தனித்தாளாகக் குடியேற்றச் சீட்டு உண்டு, சுவா நகரத்தில் உள்ள பிஜி தேசியக் காப்பகத்தில் கேட்கலாம். புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியனுக்கும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் போனவர்களைத் தேடுபவர்கள் பிரெஞ்சு ஆவணங்களை நாட வேண்டும், அவற்றில் ஒரு பகுதி பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான காப்பகத்தில் இருக்கிறது.

இலங்கையும் மலாயாவும் வேறு வகை. அங்கே பெரும்பாலானவர்கள் கங்காணி, அதாவது ஊரில் ஆள் திரட்டித் தோட்டத்துக்கு அழைத்துச் சென்ற மேஸ்திரி, வழியாகப் போனவர்கள். நேட்டாலைப் போல ஒவ்வொருவரையும் ஒரு வரியில் எழுதி வைத்த ஒரே பதிவேடு கிடையாது. மலாயாவில் தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு), அடையாள அட்டை, குடியுரிமைச் சான்று ஆகியவற்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போன நினைவுள்ளவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் உடனே பேசிவிடுங்கள். இலங்கை மலையகக் குடும்பங்களுக்கு, இலங்கை செல்பவர்களைத் தங்கவைத்துச் சோதித்த ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் முகாமும் கங்காணியின் பெயரும் முதல் குறிப்புகள். அதைவிடக் கைக்கெட்டும் ஆவணம் குடியுரிமை விண்ணப்பம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்ததால், எந்த ஆண்டு எந்தத் தோட்டம் என்ற விவரம் அதில் வரிசையாக இருக்கும். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தமிழ்நாட்டுக்கு வந்த தாயகம் திரும்பியோரின் குடும்ப அட்டையில் குடும்பத்தினர் அனைவரின் பெயரும் வயதும் இருக்கும்.

ஊருக்குப் போகும் முன்

ஊரின் பெயர் உறுதியானதும் அந்த ஊர் இன்று எந்த வருவாய்க் கிராமத்தில் அடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் உள்ளது ஒரு குக்கிராமத்தின் பெயராகவும் இருக்கலாம். நிலப் பதிவேடுகளில் முன்னோரின் பெயர் இல்லையென்றால் சோர்ந்துவிடாதீர்கள், கப்பலேறியவர்களில் பலருக்குச் சொந்த நிலம் என்று ஒன்று இருந்ததில்லை.

கிராமத்தில் முதல் பேச்சிலேயே 'சொத்து கேட்டு வரவில்லை' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து காரில் வந்து இறங்கிப் பழைய உறவு பேசுபவரைக் கண்டால் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்ற அச்சம் இயல்பாகவே எழும். அந்த அச்சம் வந்துவிட்டால் தெரிந்தவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். பதிவேட்டின் நகலைத் தெருவில் எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள சாதிச் சொற்கள் அந்தக் காலத்து அதிகாரி இழிவாக எழுதியவையாக இருக்கலாம், நடுத்தெருவில் அதை உரக்கப் படிப்பது யாரையேனும் புண்படுத்தும். தமிழில் ஒரு தனித்தாள் தயாரித்துக்கொண்டு போங்கள். முன்னோரின் பெயர், தகப்பன் பெயர், கப்பலேறிய ஆண்டு, உடலில் இருந்த அடையாளம், வீட்டில் கும்பிடும் குலதெய்வம் ஆகியவை மட்டும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

'இவரைத் தெரியுமா' என்று கேட்டால் பதில் வராது, நூற்றிருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. 'இந்தச் சாமியைக் கும்பிடும் பங்காளிகள் யார், திருவிழாவில் யார் யாருக்கு முறை' என்று கேளுங்கள். கோயில் வரி வாங்கும் குடும்பங்களின் பட்டியல் பூசாரியிடமோ நாட்டாமையிடமோ இருக்கும். கீழ்க்கொடுங்காலூருக்குப் போன அந்த அம்மாள் இப்படித்தான் கேட்டார். பங்காளி வீடுகளில் மூன்றாவது வீட்டில் இருந்த பெரியவர், தம் தாத்தா சொல்லக் கேட்டதாக, 'எங்கள் பங்காளியில் ஒருத்தர் பட்டணத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனவர், திரும்பவே இல்லை' என்றார். பெயர் அவருக்கு நினைவில்லை. தகப்பன் பெயரை அந்தத் தமிழ்த் தாளிலிருந்து படித்துக் காட்டியபோது, அது தம் அண்ணனுக்கு வைத்த பெயர் என்றார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உள்ள ஊர் அது. அவ்வளவை வைத்து உறவு நிரூபணமாகிவிட்டது என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. 'ஒரே ஊர், ஒரே குலதெய்வம், பெயர் வழியில் பொருத்தம். ஆவணச் சான்று இல்லை' என்றுதான் குறிப்பேட்டில் எழுதினோம். நீங்களும் கிடைத்ததை எந்த அளவுக்கு உறுதி என்பதோடு சேர்த்து, யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்று எழுதி வையுங்கள். பதிவேட்டுப் படத்தின் ஒரு படியை, விரும்பினால், அந்தப் பெரியவர் வீட்டில் தனியாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.